நாலாவது சுருள்

டொராண்டோவின் பழைய குடியிருப்புத் தெருக்களில், மின்கம்பத்தின் மேல் சாம்பல் நிற டிரம் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டிரான்ஸ்ஃபார்மர், தமிழில் மின்மாற்றி. முதன்மைச் சுருள் ஒன்று, துணைச்சுருள் ஒன்று, நடுவே இரும்பு உள்ளகம் என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்திருப்போம். அந்த டிரம்முக்குள் இருப்பதோ மூன்று சுருள்கள். கம்பி வழியே வரும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை வாங்கும் சுருள் ஒன்று. வீட்டுக்குத் தலா 120 வோல்ட் தரும் சுருள்கள் இரண்டு. விளக்கும் தொலைக்காட்சியும் ஏதேனும் ஒன்றில் ஓடும். அடுப்பும் துணி உலர்த்தியும் இரண்டையும் சேர்த்து 240 வோல்ட்டில் ஓடும்.

மூன்று சுருள் வரை கணக்கு எளிது. நாலாவது சுருள் வந்தவுடன் கணக்கின் தன்மையே மாறிவிடுகிறது. மின்பொறியியலில் மேற்படிப்பு முடித்து இப்போது மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு, இந்த மாற்றம் இரண்டு துறைகளும் சந்திக்கும் அழகான இடமாகத் தோன்றுகிறது. அதில் கணிதத்தைத் தாண்டிய ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், இக்கட்டுரையை முழுவதும் தொடரலாம்.

இத்தனை சுருள்கள் எதற்கு?

ஒரு லட்சம் வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பெரிய சுருளில் அதை எடுத்து ஒரே அடியில் நேர்மின்சாரமாக்கலாம். ஆனால் வேண்டிய கணத்தில் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் முடிகிற அரைக்கடத்தி விசைகள் எதுவும் தனியாக அத்தனை வோல்ட்டைத் தாங்காது. எனவே பொறியாளர்கள் சில நூறு வோல்ட் தரும் சிறு மின்வழங்கிகளை நூற்றுக்கணக்கில் செய்து, டார்ச் விளக்கில் பாட்டரிகளை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். எத்தனை மின்வழங்கிகள் இயங்குகின்றனவோ அத்தனை படி உயரத்தில் மின்னழுத்தம் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மற்றவற்றோடு ஒட்டாத தனிச் சுருள் வேண்டும். ஆகவே ஒரே மின்மாற்றியில் பல பத்துத் துணைச்சுருள்கள்.

இத்தாலியின் பதுவா நகரில், இட்டர் அணுப்பிணைவுத் திட்டத்துக்காக ஸ்பைடர் என்ற சோதனைக் கருவி 2018-ல் இயங்கத் தொடங்கியது. அதில் அயனிகளை முடுக்குவதற்கான ஏறக்குறைய 100 கிலோவோல்ட் மின்வழங்கி இந்தியாவின் பங்களிப்பு. குஜராத்தில் இயங்கும் இட்டர்-இந்தியாவின் பொறுப்பில் உருவானது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு மின்வழங்கிகளை அடுக்கிய, பல துணைச்சுருள் மின்மாற்றிகளால் ஊட்டப்படும் அமைப்பு அது. இவ்வகை முடுக்கிகளில் மின்பொறி வெடிப்பது விபத்து அல்ல, அன்றாடம். பொறி பறந்ததும் மில்லி விநாடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் மின்வழங்கி தன்னை நிறுத்திக்கொண்டு, சற்றுக் கழித்து மீண்டும் எழ வேண்டும். அந்தக் கண நேரத்தில் சுருள்களுக்குள் என்ன நடக்கும் என்பதைப் பொருளைச் செய்வதற்கு முன்பே கணினியில் ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள். சிமுலேஷன் என்று சொல்வது இந்த ஒத்திகையைத்தான்.

டொராண்டோவிலும் இதற்கு ஒரு பள்ளி உண்டு. முன்பு ரையர்சன் என்றும் 2022 முதல் டொராண்டோ மெட்ரோபாலிடன் என்றும் வழங்கும் பல்கலைக்கழகத்தில், பின் வூ பெரிய மோட்டார்களை இயக்கும் மின்மாற்றுக் கருவிகளைப் பற்றி எழுதிய நூல் 2006-ல் வெளிவந்தது. பல துணைச்சுருள்களை ஒன்றுக்கொன்று சில பாகை தள்ளி அமைத்தால், மின்வலையில் கலக்கும் அழுக்கு அலைகள் தம்முள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பது அதில் ஒரு முக்கியமான பகுதி. இரண்டு சுருள்கள் என்றால் 30 பாகை இடைவெளி, மூன்று என்றால் 20 பாகை. சுருள்கள் சமமாக நடந்துகொண்டால்தான் இந்த அழிப்பு முழுமையாகும்.

கசிவு என்ற சொல்

சுருள்கள் சமமாக நடப்பதில்லை என்பதற்குக் காரணம் கசிவு. முதன்மைச் சுருள் எழுப்பும் காந்தப் பாயத்தின் பெரும்பகுதி இரும்பு வழியே போய்த் துணைச்சுருளைத் தழுவும். சிறு பகுதி இரண்டு சுருள்களுக்கும் இடையிலுள்ள வெளியிலேயே சுற்றிக்கொண்டு வந்துவிடும். இதற்குக் கசிவு என்று பெயர். ஆங்கிலப் பெயரும் அதே பொருள் தருவதுதான். குழாய்க் கசிவுபோல் எதுவும் வீணாவதாக நினைக்க வேண்டாம். அந்த ஆற்றல் இடைவெளியில் சேமிக்கப்பட்டு, ஒவ்வொரு சுழற்சியிலும் திரும்பி வருகிறது. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மின்னோட்டம் எல்லை மீறாமல் தடுப்பதும் அதுதான்.

கசிவை அளப்பது எளிது. ஒரு சுருளின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்துவிட்டு, மற்றதில் மெல்ல மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும். முழு மின்னோட்டம் ஓட எத்தனை சதவீத மின்னழுத்தம் தேவைப்பட்டதோ, அதுவே அந்த ஜோடியின் கசிவு எண். 8 சதவீதம், 12 சதவீதம் என்று மின்மாற்றியின் சோதனைச் சான்றிதழில் பார்க்கலாம்.

புதிதாக ஒத்திகை செய்பவர்கள் இந்த எண்ணை விட்டுவிட்டு, இரு சுருள்களும் எத்தனை நெருக்கம் என்ற பிணைப்பு எண்ணைக் கணினிக்குத் தருவது வழக்கம். முழு நெருக்கம் என்றால் 1. நல்ல மின்மாற்றியில் 0.998, 0.999 என்று வரும். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் கசிவு என்பது 1-லிருந்து அந்த எண்ணின் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவதைப் பொறுத்தது. 0.998-க்கு மிச்சம் ஏறக்குறைய 0.004, 0.999-க்கு 0.002. மூன்றாம் தசமத்தில் ஒன்று கூடினால் கசிவு பாதியாகிவிடுகிறது! எலுமிச்சம்பழத்தின் எடையை அறிய, லாரியை அதோடு ஒருமுறையும் அது இல்லாமல் ஒருமுறையும் எடைமேடையில் ஏற்றிக் கழித்துப் பார்ப்பது போன்றது இது. எடைமேடை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எலுமிச்சை தப்பிவிடும். எலுமிச்சையை மட்டும் தராசில் வைப்பதுதான் குறுக்குச்சுற்றுச் சோதனை.

மூன்று வரை நட்சத்திரம்

மூன்று சுருள்களுக்கு மூன்று ஜோடிகள், எனவே மூன்று கசிவு எண்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் 8, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 5, முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 15 என்று வைப்போம். நடுவில் ஒரு கற்பனைச் சந்திப்பை வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு கிளை வரைந்தால் மூன்று கிளைகளுள்ள நட்சத்திரம் கிடைக்கும். கிளைகளின் நீளம் 9, கழித்தல் 1, 6. கூட்டிப் பாருங்கள்: 9-லிருந்து 1 போனால் 8; 6-லிருந்து 1 போனால் 5; 9-ம் 6-ம் 15. சரியாக வருகிறது.

கழித்தல் 1 என்ற கிளை முதன்முறை பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். சந்திப்பு கற்பனைதானே, கிளையும் கற்பனை. இரண்டு சுருள்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சுருளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். நிஜமான ஜோடி எண்கள் மூன்றும் கூட்டல் எண்களாகவே இருக்கின்றன.

நாலில் உடைகிறது

இப்போது நாலு சுருள்கள். அ என்பது முதன்மைச் சுருள், எல்லாவற்றுக்கும் உள்ளே. அதைச் சுற்றி ஆ, அதைச் சுற்றி இ, வெளியே ஈ. அடுத்தடுத்த சுருள்களுக்கு இடையே கசிவு 4. ஒன்று விட்டு ஒன்றுக்கு 8. அ-வுக்கும் ஈ-க்கும் 12. ஜோடிகள் மொத்தம் ஆறு. நட்சத்திரத்துக்குக் கிளைகளோ நாலுதான்.

ஆறு உண்மைகளை நாலு எண்களுக்குள் அடைக்க முடியுமா? ஒரு சிறு சோதனை போதும். அ-ஆ ஜோடியையும் இ-ஈ ஜோடியையும் கூட்டினால், நட்சத்திரத்தில் நாலு கிளைகளின் மொத்தம் வர வேண்டும். அ-இ ஜோடியையும் ஆ-ஈ ஜோடியையும் கூட்டினாலும் அதே நாலு கிளைகள், அதே மொத்தம். நம் மின்மாற்றியில் முதல் கூட்டல் 4-ம் 4-ம் 8. இரண்டாவது 8-ம் 8-ம் 16. ஒத்துப்போகவில்லை. ஆகவே இந்த மின்மாற்றிக்கு நட்சத்திரமே கிடையாது. எத்தனை புத்திசாலித்தனமாகக் கிளைகளை நீட்டிக் குறைத்தாலும் ஏதோ ஒரு ஜோடியைப் பற்றிப் பொய் சொல்லத்தான் வேண்டும்.

நடைமுறையில் சொல்லப்படும் பொய் எது? முதன்மைச் சுருளின் கிளையைப் பூஜ்யம் என்று வைத்து, சான்றிதழில் உள்ள 4, 8, 12 ஆகியவற்றை அப்படியே ஆ, இ, ஈ கிளைகளில் போட்டுவிடுவது பலரும் செய்யும் எளிய வழி. முதன்மையோடு சேரும் ஜோடிகள் மூன்றும் சரியாக இருக்கும். ஆனால் துணைச்சுருள்களுக்கு இடையேயான ஜோடிகள் தவறாகிவிடும். இ-க்கும் ஈ-க்கும் இடையே 8-ம் 12-ம் கூடி 20 ஆகிவிடும். நிஜத்தில் அது 4.

1982, டொராண்டோ

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் இன்றும் கையாளும் தீர்வு 1982-ல் அமெரிக்க மின்பொறியாளர் கழக ஏட்டில் வெளிவந்தது. எழுதியவர்கள் மூவர்: டொராண்டோவில் ஒண்டாரியோ ஹைட்ரோவில் இருந்த பிராண்ட்வைன், வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் டோமல், ஐ. ஐ. டோமல். மின்வலையில் கண நேர அதிர்வுகளைக் கணினியில் கணிக்கும் முறையை 1969-ல் வெளியிட்டவர் ஹெர்மன் டோமல். அதிலிருந்து வளர்ந்த நிரலில் இந்த மின்மாற்றிப் பகுதிக்குப் பிசிட்ரான் என்று பெயர். ஒண்டாரியோ ஹைட்ரோ 1999-ல் பல நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டது. அந்தச் சில பக்கக் கணக்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதன் சாரம், நட்சத்திரத்தைக் கைவிட்டு ஓர் அட்டவணையை, கணிதத்தில் அணி என்பதை, எடுத்துக்கொள்வது. ஒரு சுருளை, நம் கணக்கில் அ-வை, அடிப்படையாக வைத்து, மற்ற ஒவ்வொரு ஜோடிக்கும் பொதுவான பங்கு எத்தனை என்று கேட்கிறார்கள். பியர்சன் விமான நிலையத்திலிருந்து ஒரு நண்பர் வீடு 8 கிலோமீட்டர், இன்னொருவர் வீடு 12 கிலோமீட்டர், இரண்டு வீடுகளுக்கும் இடையே 4 கிலோமீட்டர் என்றால், இருவருக்கும் பொதுவான சாலை எவ்வளவு? 8-ஐயும் 12-ஐயும் கூட்டி, 4-ஐக் கழித்து, பாதியாக்கினால் 8. அதாவது முதல் நண்பரின் வீட்டைக் கடந்துதான் இரண்டாமவர் வீட்டுக்குப் போக வேண்டும். இ, ஈ சுருள்களின் நிலை இதுவே. இதேபோல் ஆ-வுக்கும் இ-க்கும் பொதுப்பங்கு 4. ஆ-வுக்கும் ஈ-க்கும் 4.

இப்போது இ-யில் குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. அதன் சொந்த எண் 8. ஈ-யோடு அதன் பொதுப்பங்கும் 8. ஆகவே ஈ-யின் மின்னழுத்தம் எட்டில் எட்டுப் பங்கும் விழுந்து பூஜ்யமாகிறது! ஆ-வோடு பொதுப்பங்கு 4. எனவே ஆ பாதியாகக் குறைகிறது. பொதுச்சாலையில் நெரிசல் என்றால் இரண்டு வீட்டாரும் தாமதமாவார்கள் அல்லவா? ஆனால் எளிய நட்சத்திர மாதிரி என்ன சொல்லும்? அதில் பொதுப்பங்கு எல்லாமே பூஜ்யம். இ செத்தாலும் ஆ-வும் ஈ-யும் முழு மின்னழுத்தத்தோடு நிற்கும் என்று அழகான வரைபடம் போட்டுக் காட்டும். அதை நம்பிப் பாதுகாப்பு விசைகளை வாங்கினால், பொறி பறக்கும் நாளில் கருவி ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்யும்.

ஒன்றாகப் பார்த்தால்தான் தெரியும் பிழை

அட்டவணைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது விவரிக்கும் பொருள் எந்த நிலையிலும் ஆற்றலைப் புதிதாக உற்பத்தி செய்யக்கூடாது. கணிதத்தில் இதற்கு நேர்மத் திட்டத் தன்மை என்று பெயர். தட்டச்சு செய்பவர் அ-ஈ ஜோடியின் 12-ஐ 21 என்று மாற்றிப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். நாலு சுருள்களில் எந்த மூன்றை எடுத்துச் சோதித்தாலும் நிபந்தனை நிறைவேறுகிறது. குறை சொல்ல முடியாது. நாலையும் சேர்த்துக் கணக்கிட்டால் அட்டவணையின் மதிப்பு 64-க்குப் பதிலாகக் கழித்தல் 17. அந்த மாதிரியைக் கணினியில் ஓட்டினால், ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் பிறந்து, அலைகள் வளர்ந்துகொண்டே போய்க் கணக்கு வெடித்துவிடும். மூன்று பேராகப் பிரித்துப் பிரித்து விசாரித்தால் யாரும் பொய் சொன்னதாகத் தெரியாத ஒரு குடும்பத்தில், நாலு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தபோது விஷயம் வெளியே வந்ததுபோல.

வெடிக்கும் பிழை நல்ல பிழை. யாராவது கவனித்துத் திருத்திவிடுவார்கள். 12-க்குப் பதில் 11 என்று போட்டால் நிபந்தனை கெடாது, கணினி முணுமுணுக்காது, வரைபடம் சீராக வரும். ஒத்திகை ஓடுகிறது என்பது அது உண்மை சொல்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. அதற்கு அளந்த எண்கள் வேண்டும்.

யார் அளப்பது?

நடைமுறைச் சிக்கல் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். ஒரு முதன்மைச் சுருளும் 40 துணைச்சுருள்களும் உள்ள மின்மாற்றியில் ஜோடிகள் 820. அவற்றில் முதன்மையோடு சேரும் ஜோடிகள் 40. தொழிற்சாலையின் வழக்கமான சோதனை இந்த 40-ஐச் சுற்றியே நிற்கும். துணைச்சுருள்களுக்கிடையேயான மீதி 780 எண்களை வாங்குபவர் கேட்டால் ஒழிய யாரும் தருவதில்லை. ஒரு சுருள் விழுந்தால் அண்டைச் சுருள் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடையோ அந்த 780-க்குள் இருக்கிறது.

எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சுருள்களின் உயரம், விட்டம், இடைவெளி தெரிந்தால் கசிவைக் கணக்கிட்டுவிடலாம். ஒரே மாதிரியான சுருள்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால் ஜோடிகள் பல ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்துப் பக்கத்துச் சுருள்கள், ஒன்று விட்டு ஒன்று, இரு கோடிகள் என்று தேர்ந்தெடுத்து இருபது முப்பது ஜோடிகளை அளந்து, கணக்கிட்ட எண்களோடு ஒப்பிட்டால் மற்றவற்றையும் நம்பலாம். இதற்காகும் கூடுதல் சோதனை நேரம் அத்தகைய மின்மாற்றியின் விலையில் மிகச் சிறிய பகுதி. ஆனால் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். மின்மாற்றியைத் தொட்டியில் இறக்கி மூடி, முனைகளை உள்ளுக்குள் இணைத்த பிறகு கேட்டால், சுருள்களைத் தனித்தனியே தொட வழியிருக்காது.

பிசிட்ரான் முறை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். அதற்கு உள்ளகத்தின் வடிவம் தெரியாது. இரும்பு நிறைசெறிவை எட்டும்போது எந்தத் தூணில் எட்டுகிறது என்று அதனால் சொல்ல இயலாது. இந்தக் குறையைப் போக்க, காந்தப் பாதைகளையே மின்சுற்றுபோல் வரைந்து சேர்க்கும் முறை 1997-ல் வந்தது. வின்னிபெக்கில் வளர்ந்த பிஸ்கேட் மென்பொருளில் அது இடம்பெற்றது. கசிவுக்கு அட்டவணை, இரும்புக்கு உள்ளகப் படம் என்று இரண்டையும் இணைக்கும் கலப்பு முறையை மிச்சிகனில் புரூஸ் மோர்க்கும் அவரது குழுவினரும் 2007-ல் வெளியிட்டார்கள். உயர் மின்னழுத்தத்தில் சுருள்களுக்கு இடையேயும், சுருளுக்கும் தரைக்கும் இடையேயும் உள்ள மின்தேக்கத்தைத் தனியே சேர்க்க வேண்டும். 100 கிலோவோல்ட் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் சுருளுக்குத் தனக்கென்று இருப்பது சில நூறு வோல்ட்தான். பொறி பறக்கும் கணத்தில் அதன் தலைவிதியைப் பெரும்பாலும் இந்த மின்தேக்கமே தீர்மானிக்கிறது.

இந்த முறைகள் எதுவாக இருந்தாலும், ஜோடி ஜோடியாக அளந்த கசிவு எண்களிலிருந்துதான் தொடங்குகிறது, அல்லது அவற்றோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. வாட்டர்லூவிலோ டொராண்டோவிலோ கிண்டியிலோ மின்பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் முதல் வேலையில் ஒரு மின்மாற்றியின் சோதனைச் சான்றிதழைக் கையில் வாங்கும்போது, துணைச்சுருள்களுக்கிடையேயான எண்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு கணினியை இயக்கட்டும்.